திண்டிவனத்துக்கு எட்டு நிமிஷம்

விழுப்புரம் ஜங்ஷனுக்கு எதிரே இருந்த காபி கிளப்பில் சக்கரபாணி என்று ஒரு சப்ளையர் இருந்தான். சமையற்கட்டிலிருந்து மூன்றாவது மேஜைக்கு அவன் காபி கொண்டு வருவதற்குள் காபி ஆறி, ஆடை படிந்து, குடிக்க வந்தவன் ரயிலைப் பிடிக்க ஓடிவிடுவான். அப்பேர்ப்பட்ட காற்றாடிதான், விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு எட்டே நிமிஷம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது.

பிறந்தது கெடார். அப்பனுக்கு நிலம் இருந்தது, இவனுக்குத்தான் அதில் இறங்க மனம் இல்லை. நாலாம் வகுப்பில் வாத்தியார், "கெடாருக்கும் விழுப்புரத்துக்கும் எத்தனை மைல்?" என்று கேட்டாராம். "ஆரு நடக்கறாங்கன்றதப் பொறுத்துங்க" என்றானாம் சக்கரபாணி. அன்றைக்கு விழுந்த அடியோடு படிப்பு முடிந்தது. பேச்சு முடியவில்லை.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் மைல் கணக்கு யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. கூப்பிடு தூரம் என்பார்கள், ஒரு வெற்றிலை தூரம் என்பார்கள், ரெண்டு பீடி தூரம் என்பார்கள். சக்கரபாணி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டிலோ முப்பத்திமூன்றிலோ விழுப்புரத்துக்கு வேலைக்கு வந்ததும், "எங்க ஊரு ரெண்டு பீடி தூரந்தான்" என்று சொல்லி வைத்தான். அதை நம்பி மாடு பார்க்க நடந்து போன ஒரு ஆள் ஒரு கட்டுப் பீடியையும் தீர்த்து, நெருப்புப் பெட்டியையும் தீர்த்து, அதற்கப்புறமும் மூன்று மைல் நடந்தான். திரும்பி வந்து அவன் கேட்டதற்கு, "நீ பீடிய வேகமா இழுத்திருப்ப" என்று பதில் சொன்னான் சக்கரபாணி.

அப்புறம் வாடகை சைக்கிள் வந்தது. கூட்டேரிப்பட்டில் பெண் பார்க்கப் போனபோது, "விழுப்புரத்துலேருந்து ஒரு மணி நேரத்துல மிதிச்சிக்கினு வந்துடுவேன்" என்று பெண்ணின் அப்பனிடம் அளந்தான். இவன் வைக்கோல் வண்டியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, சைக்கிளையும் வண்டியிலேயே கட்டிக்கொண்டு வந்து, ஊர் எல்லையில் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்ததைப் பெண்ணே பார்த்திருந்தாள். அவள் பெயர் அம்சா. பார்த்ததை அப்பனிடம் சொல்லாமல் விட்டாள். அது அவள் வாழ்க்கையில் செய்த ஒரே தப்பு. அதற்கான தண்டனையை அவள் தினமும் மூன்று வேளை சோறு வடித்துக் கொட்டி அனுபவித்தாள்.

யுத்தம் வந்தது. உளுந்தூர்பேட்டைப் பக்கம் பட்டாளத்துக்காரர்கள் ஏரோப்ளேன் மைதானம் போட்டார்கள். அங்கே கூலிகளை மேய்த்த மேஸ்திரிகளுக்கு மதியச் சாப்பாடு இந்தக் காபி கிளப்பிலிருந்து லாரியில் போகும். ஒரு நாள் கூடப் போகிற ஆளுக்குக் காய்ச்சல், சக்கரபாணியை ஏற்றி அனுப்பினார்கள். முதலாளி செய்த பெரிய பிழை அது.

மைதானத்தில் சவுரிராயன் என்று ஒரு மெக்கானிக். மதராஸ்காரன், வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் யாரையாவது கிறுக்கனாக்கினால்தான் அவனுக்குச் சாப்பாடு செரிக்கும். சக்கரபாணி அவனுக்கு மட்டும் ரெண்டு வடை கூடுதலாக வைத்துவிட்டு, வாயிலிருந்த வெற்றிலையை ஏரோப்ளேன் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டைமேல் துப்பிவிட்டு, பல்லைக் காட்டினான்.

"அண்ணே, ஒரே ஒரு தபா உள்ள குந்திப் பாக்கலாமா?"

"குந்தலாம். ஆனா கண்ணத் தொறக்கக் கூடாது. தொறந்தா குடலு வாய் வழியா வந்துடும். போன வாரம் ஒருத்தனுக்கு வந்து, நாந்தான் உள்ள தள்ளிவுட்டேன்."

சக்கரபாணி உள்ளே ஏறி ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்தான். கண்ணை மூடிக்கொண்டு, கெடார் மாரியாத்தா, மயிலம் முருகன், பேர் தெரிந்த சாமி, தெரியாத சாமி எல்லாரையும் கூப்பிட்டான். சவுரிராயன் கதவைச் சாத்தினான். அன்றைக்கு இஞ்சினை ஓட்டிப் பார்க்க வேண்டிய நாள். எட்டு நிமிஷம் ஓட்டினார்கள். ஏரோப்ளேன் நின்ற இடத்திலேயே உதறியது. உள்ளே சக்கரபாணி அதைவிட அதிகமாக உதறினான். சத்தம் நின்று, கதவு திறந்து, இறங்கியபோது அவன் வேட்டி இருந்த நிலையை இங்கே சொல்ல வேண்டாம்.

"எங்கண்ணே போனோம்?"

"விழுப்புரம் தாண்டி திண்டிவனம் ஏரி மேல ஒரு சுத்து. நீ பாக்கலியா? விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவுல மட்டும் எட்டு நிமிஷம். இந்தா பாரு, வாட்ச்சு."

சக்கரபாணி குனிந்து பார்த்தான். சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டை அதே இடத்தில் இருந்தது. அதன்மேல் அவன் துப்பின வெற்றிலைச் சாறு இன்னும் காயக்கூட இல்லை. கொஞ்சமாவது மூளை உள்ளவனுக்கு அந்த எச்சிலே போதும். சக்கரபாணி மார்பில் கை வைத்துக்கொண்டு, "எம்மாங் கரெக்டா எடுத்த எடத்துலயே கொண்டாந்து வெச்சிருக்கான் பாரு, தொர!" என்று ஆச்சரியப்பட்டான்.

அன்றிலிருந்து விழுப்புரத்துக்குப் பிடித்தது பேஜாரு. காபி கேட்டால் எட்டு நிமிஷம், கணக்குக் கேட்டால் எட்டு நிமிஷம். "ஒரு காபி ஆறுறதுக்குள்ள திண்டிவனம்" என்பான், ஆறிப்போன காபியை வைத்துக்கொண்டே. ஜங்ஷன் போர்ட்டர் அந்தோணிசாமி ஒருவன்தான் அவனை நிறுத்திக் கேள்வி கேட்பான்.

"ஏன்டா, ரயிலு ரோட்டுல இருவத்திமூணு மைலு. எட்டு நிமிஷத்துல எப்படிடா?"

"அது ரயிலு வழி. காக்கா வழி இருவத்தோரு மைலு."

"காக்கா அளந்துக்கினு வந்து ஒங்கிட்ட சொல்லிச்சா?"

"மணிக்கு நூத்தியறுவது மைலு போவுது. நீயே போட்டுப் பாரு."

அந்தோணிசாமிக்குப் பெருக்கத் தெரியாது. சக்கரபாணிக்கும் தெரியாது. ஆனால் பட்டாளத்து கிளார்க் ஒருவன் கிளப்பில் உட்கார்ந்து சாப்பிட்டபோது வாழை இலையில் போட்டுக் காட்டினான், ஏறக்குறைய எட்டு வந்தது. அந்த இலையை எறிய விடாமல் சக்கரபாணி காய வைத்து வைத்திருந்தான். அம்சா ஒரு நாள் அதை அடுப்பில் போட்டாள்.

பீற்றலோடு விட்டிருந்தால் ஊருக்கு ஒரு வேடிக்கை என்று போயிருக்கும். திண்டிவனத்தில் கிடங்கல் பக்கம் அவனுக்கு ஒரு அத்தை இருந்தாள், அப்பனின் கூடப்பிறந்தவள், காந்திமதி. பிள்ளை இல்லை, புருஷன் போய் இருபது வருஷம். ஓட்டு வீடு ஒன்று, மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விளைகிற முக்கால் காணி நிலம், நல்ல தண்ணீர்க் கிணறு. புருஷனுடைய அண்ணன் மகன் அரங்கநாதன் பக்கத்து வீட்டிலேயே இருந்தான். முறைப்படி கொள்ளி வைக்க வேண்டியவன் அவன்தான். ஆனால் காந்திமதிக்கு அவனைக் கண்டால் ஆகாது. "அவன் எட்டிப் பாத்தா கறந்த பாலு திரிஞ்சிடுது" என்பாள். அவள் உசிரெல்லாம் அண்ணன் மகன்மேல். அந்தக் கிழவிக்கும் மனுஷனைப் பார்க்கத் தெரியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

நாற்பத்திநாலாம் வருஷம் பங்குனியில் அவளுக்கு இழுப்பு வந்து படுத்தாள். சக்கரபாணியும் அம்சாவும் பார்க்கப் போனார்கள். அங்கே நாட்டாமை பூமாலை உட்கார்ந்திருந்தார். சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொள்கிற மனுஷர். ஆடு முட்டை போட்டது என்று நல்ல முகத்தோடு சொன்னால், "எத்தனை?" என்று கேட்பார். அரங்கநாதனும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றான்.

காந்திமதி மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். "நாட்டாம, நீ சாட்சி. எனக்கு சக்கரபாணிதான் கொள்ளி வெக்கணும். வெச்சான்னா ஊடும் நெலமும் அவுனுக்கு. எடுக்கறதுக்குள்ள அவன் வந்து சேரலன்னா, என் தலயெழுத்து, அரங்கநாதன் வெச்சிட்டு அவனே எடுத்துக்கட்டும்."

"விழுப்புரத்துலேருந்து வரணுமே, சின்னம்மா" என்றான் அரங்கநாதன், ரொம்பக் கரிசனமாக. "ரயிலு வேற இப்பல்லாம் பட்டாளத்த ஏத்திக்கினு போவுது. நம்பள ஏத்த மாட்டேங்குது."

சக்கரபாணி எழுந்து நின்றான். அம்சா அவன் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தாள். பயனில்லை.

"ரயிலா? மச்சான், நான் ரயில நம்பினவன் இல்ல. அத்தே, ஒனக்கு ஒண்ணுன்னு காதுல வுழட்டும், எட்டு நிமிஷத்துல வந்து ஒங் காலாண்ட நிப்பேன். பைலட் தொர நம்ம காபிக்கு அடிமை. ஒரு வார்த்த சொன்னா போதும், எடுத்துக்கினு வந்துடுவான்."

நாட்டாமை நெற்றியைச் சுருக்கினார். "ஏம்ப்பா, அது வந்து குந்தறதுக்கு எடம் வோணுமே?"

"ஏரி காஞ்சிதான கெடக்குது, நாட்டாம? அங்க எறக்கிடுவான்."

"ஆடு மேயுதே."

"ஆட்ட ஓட்டிட்டாப் போச்சி."

நாட்டாமை தலையை ஆட்டி, அதை மனசில் போட்டு வைத்துக்கொண்டார். காந்திமதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "எம் புள்ள ஆகாசத்துல வருவான்" என்று சொல்லத் தொடங்கினாள்.

திரும்பி வரும்போது அம்சா கேட்டாள். "ந்தா, எந்தத் தொர ஒன் காபிக்கு அடிம?"

"பேச்சுக்குச் சொல்றதுதான்டி. கெழவி மனசு குளுந்திச்சில்ல?"

"கெழவி மனசு குளுந்திச்சி. அரங்கநாதன் மனசும் குளுந்திச்சி, அத்தப் பாத்தியா?"

அவன் பார்க்கவில்லை.

சித்திரை பிறந்து பத்து நாளுக்குள் ஒரு விடியற்காலை காந்திமதி போய்ச் சேர்ந்தாள். சாவு சொல்ல சின்னக்கண்ணு என்கிற ஆளை நாட்டாமை முதல் ரயிலில் அனுப்பினார். அவன் காபி கிளப்புக்கு வந்து சேரும்போது மணி ஒன்பதரை. சக்கரபாணி தட்டைக் கீழே போட்டுவிட்டு அழுதான். அழுகை நிஜம்தான், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அழுது முடித்து மூக்கைச் சிந்தியதும் சின்னக்கண்ணு மெதுவாகக் கேட்டான்.

"ஏரோப்ளேனு எங்கங்க நிக்குது? நானும் ஒரு ஓரமா ஏறிக்கிறேன். நாட்டாம ஏரியில ஆட்டல்லாம் ஓட்டிட்டு, தொர கண்ணுக்குத் தெரியணும்னு வெள்ள வேட்டி விரிச்சி வெக்கச் சொல்லியிருக்காரு."

சக்கரபாணி கீழே போட்ட தட்டை எடுத்துத் துடைத்தான். "இன்னிக்கி... பெட்ரோலு தட்டுப்பாடு" என்றான்.

அம்சாவையும் கூட்டிக்கொண்டு மூன்று பேருமாக ஸ்டேஷனுக்கு ஓடினார்கள். மதராஸ் போகிற பாசஞ்சரை நிறுத்தி வைத்துவிட்டு மிலிட்டரி ஸ்பெஷலை விட்டிருந்தார்கள். எப்போது கிளம்பும் என்று ஸ்டேஷன் மாஸ்டருக்கே தெரியாது. அந்தோணிசாமி தலைப்பாவை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, அன்றைக்கு ஒரு நல்ல யோசனை சொன்னான். அவன் கேலிக்காரன், ஆனால் கெட்டவன் இல்லை.

"ரயில நம்பாத. பதினோரு மணிக்குக் கரி பஸ் இருக்குது, அதுல போ. அதுக்கு முன்ன ஜல்தியா ஒரு தந்தி குடு. 'பஸ்ஸுல வர்றேன், எடுக்காதீங்க'ன்னு போடு. விழுப்புரத்து ஆளுக்குப் பொழுது சாயற வரைக்கும் வெச்சிருப்பாங்க. எந்த ஊர்லயும் அதான வழக்கம்?"

அதுதான் வழக்கம். சக்கரபாணி தந்தி ஜன்னலுக்குப் போனான். உள்ளே இருந்தவர் தந்தித் தாளை இழுத்து வைத்துக்கொண்டு, "இன்னா எழுதணும்?" என்றார்.

சக்கரபாணி வாயைத் திறந்தான். பஸ் என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. அந்தத் தந்தியை யார் பிரிப்பார்கள்? தெருவில் ஒருத்தருக்கும் இங்கிலீஷ் தெரியாது, தபால்காரன்தான் நடுத் தெருவில் நின்று படித்துச் சொல்வான். "சக்கரபாணி கரி பஸ்ஸில் வருகிறான்." அரங்கநாதன் கேட்பான். ஏரியில் வேட்டி விரித்தவர்கள் கேட்பார்கள்.

"எழுதுங்க. 'வர்றேன்'."

"அவ்ளோதானா? எதுல, எப்பன்னு போட வேணாமா? இந்தக் காசுக்கு இன்னும் ஏழெட்டு வார்த்த போடலாம்."

"வேணாங்க. 'வர்றேன்' போதும். அவங்களுக்குத் தெரியும்."

அவர் இங்கிலீஷில் ஒரே வார்த்தை எழுதினார். அம்சா பத்தடி தள்ளி மூட்டையோடு நின்றிருந்தாள், அவள் காதில் இது விழவில்லை. விழுந்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

கரி பஸ் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. யுத்தத்தில் பெட்ரோல் இல்லையென்று பஸ்ஸின் முதுகில் ஒரு அடுப்பைக் கட்டிவிட்டார்கள். அதில் கரி போட்டு, விசிறி சுற்றி, புகை வந்து, அந்தப் புகையில் பஸ் ஓடும். ஓடும் என்பது மரியாதைக்குச் சொல்வது. மேடு வந்தால் பஸ்ஸை ஜனங்கள் ஓட்ட வேண்டும். விக்கிரவாண்டியில் ஒரு தரம் இறங்கித் தள்ளினார்கள். அதற்கப்புறம் ஒரு பாலத்து மேட்டில். கூட்டேரிப்பட்டில் அடுப்பு அணைந்தே போயிற்று. கண்டக்டர் சாம்பலை வாரிக் கொட்டிவிட்டுப் புதுக் கரி போட்டான்.

"ஆம்பளைங்க எறங்குங்க, விசிறி சுத்தணும். அண்ணே, நீ காபி கிளப்பு சக்கரபாணிதான? எட்டு நிமிஷம்?"

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"ஏங்க, இந்த பஸ்ஸு திண்டிவனம் போவ எத்தினி நிமிஷம் ஆவும்? ஒங்களுக்குத்தான் கணக்குத் தெரியுமே" என்றாள் பின்சீட்டில் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒருத்தி.

சக்கரபாணி இறங்கிப் போய் விசிறிக் கைப்பிடியைச் சுற்றினான். கரித்தூள் முகத்தில் அப்பியது. அந்த நேரம் பார்த்து, தெற்கேயிருந்து ஒரு பட்டாளத்து ஏரோப்ளேன் தாழப் பறந்து வந்து, பஸ்ஸுக்கு நேர் மேலே இரைந்துகொண்டு, திண்டிவனத்துப் பக்கமாகப் போயிற்று. கண்டக்டர் கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"அண்ணே, ஒன் வண்டி ஒன்ன வுட்டுட்டுப் போவுது."

அம்சா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அது அவள் பிறந்த ஊர். பஸ்ஸைச் சுற்றி நின்ற பாதிப் பேர் அவளுக்கு உறவு.

திண்டிவனத்தில் அன்றைக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். தந்தி பதினொன்றுக்கு முன்பே வந்துவிட்டது. தபால்காரன் நடுத் தெருவில் படித்தான். "வர்றேன்." நாட்டாமை, தெருவில் இருந்த ஒரே கடிகாரத்தைக் கொண்டு வரச் சொல்லிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். எட்டு நிமிஷம் போயிற்று. துரை துணி மாற்றிக்கொள்ள வேண்டும் என்று ஒரு அரை மணி கொடுத்தார். ஏரியில் வேட்டி விரித்த இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சித்திரை வெயில், பிணம் தாங்காது.

"வழியில வுழுந்துட்டானோ?" என்று நாட்டாமை கவலைப்பட்டார்.

"வுழுந்திருந்தா சத்தம் கேட்டிருக்கும்" என்றான் அரங்கநாதன். "அவுனுக்கு மனசு இல்ல, நாட்டாம. எட்டு நிமிஷத்துல வர்றவன் ரெண்டு மணி நேரமா வரலன்னா என்னா அர்த்தம்? ரயில்ல வர்றவனா இருந்தா நானே பொழுது சாயற வரைக்கும் வெச்சிருக்கலாம்னு சொல்லியிருப்பேன்."

இடையில் ஒரு ஏரோப்ளேன் வந்தது. தெருவே எழுந்து ஏரிக்கு ஓடியது. அது திரும்பிக்கூடப் பார்க்காமல் வடக்கே போயிற்று. நாட்டாமையின் முகம் அப்போதுதான் கறுத்தது. "எறங்கல. பாத்துட்டே போறான்" என்றார். ஒரு மணிக்கு எடுத்தார்கள். அரங்கநாதன் கொள்ளி வைத்தான்.

சக்கரபாணியும் அம்சாவும் சின்னக்கண்ணுவும் வந்து சேரும்போது மணி மூன்றே கால். ஆண்கள் சுடுகாட்டிலிருந்து வந்து குளித்துவிட்டு வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அரங்கநாதன் மொட்டைத் தலையோடு, ஈர வேட்டியோடு, நடுவில் இருந்தான். சக்கரபாணி முகமெல்லாம் கரி. தூரத்தில் பார்த்தவர்கள் வேறு யாரோ பைத்தியக்காரன் என்று நினைத்தார்கள்.

"அத்தே!" என்று தெருவில் விழுந்து கதறினான். பெண்கள் சேர்ந்து அழுதார்கள். கொஞ்ச நேரம் அழவிட்டு நாட்டாமை தொண்டையைச் செருமினார்.

"எழுந்து குந்துப்பா. ஒன்ன ஒண்ணு கேக்கறேன். ஊரு கேக்கறாப்பல வெச்சிக்க. இன்னா மூஞ்சியில கரி?"

அம்சா முந்திக்கொண்டாள். "பஸ்ஸுல வந்தோங்க. ரயிலு நிறுத்திட்டாங்க. பதினோரு மணிக்கு ஏறினது, வழியெல்லாம் தள்ளிக்கினு வந்தோம்."

நாட்டாமை கையை உயர்த்தினார். அவர் கண்ணில் ஒரு நியாயம் தெரிந்தது. அவருக்கும் மத்தியானத்திலிருந்து உள்ளே ஏதோ உறுத்தல்.

"கேளு, சக்கரபாணி. விழுப்புரத்து ஆளுக்குப் பொழுது சாயற வரைக்கும் வெக்கிறது நம்ம வழக்கம். ஒனக்கு வெக்கல. ஏன்னா ஒன் வாயால எட்டு நிமிஷம்னு சொன்ன, நான் சாட்சி. இப்ப நீ சொல்லு. கூப்டா ஒனக்கு ஏரோப்ளேனு வருமா, வராதா? வராதுன்னா நீயும் எல்லார மாதிரி பஸ்ஸுல வர்றவன். அவசரப்பட்டு எடுத்த தப்பு எங்களது. கொள்ளி அவன் வெச்சிருந்தாலும், காந்திமதி சொன்ன சொல்லுப்படி ஊடும் நெலமும் ஒனக்குத்தான், நான் நின்னு வாங்கித் தர்றேன். வரும்னா, வரக்கூடியவன் வரல. அப்ப அரங்கநாதனுக்கு."

அரங்கநாதன் மொட்டைத் தலையைத் தடவினான். முகத்தில் இருந்த சிரிப்பு போயே போய்விட்டது. இந்த நாட்டாமை இப்படி ஒரு கணக்குப் போடுவார் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

ஒரு சொல். "வராது" என்று ஒரே ஒரு சொல். ஓட்டு வீடு, முக்கால் காணி மல்லாட்டை, நல்ல தண்ணீர்க் கிணறு. அம்சா அவன் முதுகில் இடித்தாள். "சொல்லுய்யா."

சக்கரபாணி தலையைத் தூக்கினான். எதிரே ஏரியில் வேட்டி விரித்த இரண்டு பேர், வெயிலில் கறுத்துப்போன முகத்தோடு, கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சின்னக்கண்ணு இருந்தான். அத்தைக்குக் கடைசியில் கஞ்சி ஊற்றின பக்கத்து வீட்டு அஞ்சம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள். "நேத்து சாயந்தரங்கூட சொல்லிச்சிங்க. 'எங் கூரைக்கு மேல ஏரோப்ளேன்ல வர்ற மவராசன் இந்தத் தெருவுல வேற ஆருக்குடி இருக்கான்'னு."

அரங்கநாதன் மட்டும் அந்த இடத்தில் சக்கரபாணியைச் சரியாகப் படித்தவன். குரலைத் தேனாக்கிக்கொண்டான்.

"சொல்லிடு மச்சான். வராதுன்னு சொல்லிடு. இதுல இன்னா கெடக்குது? நீ ஏரோப்ளேன தூரத்துலேருந்து பாத்தவன். மேஸ்திரிக்கு இட்லி தூக்கிக்கினு போனவன். அதுல ஏறினதா சும்மா வுட்டுக்கினு இருந்த. ஊர்ல ஆருதான் வுடல?"

"ஆருடா வுட்டது?" என்று எகிறி எழுந்தான் சக்கரபாணி. "நான் பறந்தவன்டா! இந்த ஏரி மேல சுத்தினவன்! சவுரிராயனப் போய்க் கேளு!"

"அப்ப கூப்டா வரும்?"

"வரும்டா! ஏன் வராது? எட்டு நிமிஷம், ஒரு விநாடி கூட இல்ல!"

நாட்டாமை பெருமூச்சு விட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்கிறவர் என்று முன்பே சொன்னேனே. "அப்ப சரி" என்றார். அவ்வளவுதான் தீர்ப்பு.

அரங்கநாதன் ரொம்பப் பவ்வியமாக மச்சானுக்குக் கையலம்பத் தண்ணீர் கொண்டு வந்தான். அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான்.

பொழுது சாயும் நேரத்துக்குப் புருஷனும் பெண்டாட்டியும் திண்டிவனம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பது வழக்கம். அன்றைக்கு அவர்களுக்கு அது சௌகரியமாகப் போயிற்று. விழுப்புரம் வண்டி மூன்று மணி நேரம் தாமதம் என்று எழுதிப் போட்டிருந்தது. அம்சா மடியிலிருந்த பொரியைக்கூடப் பிரிக்கவில்லை. சக்கரபாணி கரி காய்ந்த முகத்தோடு, ஆகாசத்தைப் பார்ப்பதும் தண்டவாளத்தைப் பார்ப்பதுமாக இருந்தான். அழுகிறான் என்று நினைத்து, கல்லும் கரையுமே, அவளுக்கும் கொஞ்சம் மனசு இளகத் தொடங்கியது. என்ன இருந்தாலும் வாய்தான் பெரிசு, ஆள் பாவம் என்று நினைத்து, பொரி முடிச்சை அவிழ்க்கப் போனாள்.

அப்போது சக்கரபாணி தொடையில் ஓங்கி ஒரு அடி அடித்தான்.

"எதிர்க்காத்து!"

"இன்னா?"

"எதிர்க்காத்துன்னு சொல்லியிருக்கணும்டி! 'ஏறித்தான் வந்தேன், எதிர்க்காத்துல திருப்பிக்கினு போயிட்டான்'னு ஒரு வார்த்த! ஒருத்தன் வாயத் தொறந்திருக்க மாட்டான். அப்பப் பாத்துத் தோணல பாரு, எனக்கு!"

அம்சா பொரி முடிச்சை மறுபடி இறுக்கிக் கட்டினாள். எழுந்து, மூட்டையை எடுத்துக்கொண்டு, பிளாட்பாரத்தின் அந்தக் கோடிக்குப் போய், அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு பெஞ்சுக்கும் நடுவில் ஒரு கூப்பிடு தூரம் இருக்கும். அவன் கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை.